தாழ்ந்த தளமும் அதன் கீழுள்ள மண்ணும்

இரண்டு டன் எடையுள்ள ஒரு கான்கிரீட் பாளத்தை ஒரு மனிதன் தன் வாயால் ஊதியே தூக்க முடியுமா? முடியாது என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் முடியும் என்றே விடை வருகிறது. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் இப்படி ஒரு பாளத்தைத் தூக்க வேண்டிய தேவை ஏன் வருகிறது என்று காண்போம்.

திருப்பூரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பனியன் தொழிலின் பெரும் பகுதி தகரக் கொட்டகைகளில் நடைபெறுகிறது. நிலத்தை மேடாக்க லாரி லாரியாகக் கிராவல் மண் கொட்டி, அதன்மேல் நான்கு அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டு, ஒரு மாதத்திற்குள் எந்திரங்களை இறக்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்ததும் தளத்தின் ஒரு மூலை இரண்டு விரற்கடை தாழ்ந்துவிடுகிறது. வீட்டுத் திண்ணையானால் பொறுத்துக்கொள்ளலாம். ஓரிரு டன் எடையுள்ள வட்டப் பின்னல் எந்திரம் அதன்மேல் நின்றால் அப்படி விட்டுவிட முடியாது. எந்திரத்தின் மட்டம் சரிந்தால் அதிர்வு மிகும். ஊசிகளும் உருளையும் சீராகத் தேயாமல் ஒரு பக்கம் தேயும். துணியில் கோடு விழும். கூலிக்குப் பின்னிக் கொடுக்கும் சிறு தொழிலாளிக்கு அந்தக் கோடு விழுந்த துணியின் நட்டம் அவர் தலையிலேயே விழும்.

அவர் என்ன செய்கிறார்? கொத்தனாரை அழைக்கிறார். கொத்தனாரும் பார்த்த மாத்திரத்தில், "உடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்கிறார். பெரும்பாலும் இது தேவையற்ற உடைப்பு என்பதே என் கருத்து. தாழ்ந்தது பாளமன்று, அதன் அடியிலுள்ள மண். பாளம் வெடிக்காமல் நன்றாக இருக்குமானால் குற்றம் செய்யாதவனைத் தண்டிப்பதுபோல் ஆகிறது இது.

மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு பாளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 0.9 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடையிருக்கும் ஆகையால், இதன் எடை 2,160 கிலோ. உடைத்தால் இவ்வளவும் இடிபாடு. அது பெரும்பாலும் சாலையோரப் பள்ளத்திற்கோ ஓடைக் கரைக்கோதான் போய்ச் சேரும். மறுபடியும் தளம் போடச் சுமார் ஐந்தரை மூட்டை சிமெண்ட் வேண்டும். சிமெண்ட் செய்யும்போது சுண்ணாம்புக் கல்லைச் சுடுகிறோம். கல்லுக்குள் இருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. சூளைக்கு இட்ட எரிபொருளும் தன் பங்குக்குப் புகைகிறது. சாம்பல் கலப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து, ஒரு டன் சிமெண்டுக்கு அரை டன்னுக்கு மேலிருந்து முக்கால் டன்னுக்குச் சற்றே கூடுதல் வரை கரியமில வாயு காற்றில் கலக்கிறது. அதாவது நம் ஐந்தரை மூட்டைக்கு ஏறக்குறைய 150 முதல் 220 கிலோ. மணலும் ஜல்லியும் தண்ணீரும் இதில் சேராதவை.

உடைக்காமல் மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் நிரப்ப வேண்டிய இடம் 0.27 கன மீட்டர், அதாவது 270 லிட்டர். ஒரு பங்கு சிமெண்டும் ஒன்பது பங்கு அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த குழம்பால் இதனை நிரப்பினால் ஒரு மூட்டை சிமெண்டே மிச்சமாகும். இடிபாடு என்பது சில துளைகளிலிருந்து வரும் ஒரு கூடைத் தூள்தான்.

சரி, தூக்குவது எப்படி? இங்கேதான் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் உதவிக்கு வருகிறார். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும் என்பது அவர் கண்ட விதி. நம் பாளத்தின் எடை 2,160 கிலோ. பரப்பு 90,000 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.024 கிலோதான். இது வெறும் 24 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்! சைக்கிள் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் இதைப்போல் நூறு மடங்கு. உடல் நலமுள்ள ஒருவர் குழாயில் ஊதி நீரை இதற்குமேலும் உயர்த்த முடியும். பாளத்தின் அடி முழுவதும் பரவிய ஒரு காற்றுப்பையை வைத்து, குழாய் வழியாகப் பொறுமையாக ஊதினால் பாளம் எழும்பத்தான் வேண்டும். பொறுமைதான் மிகுதியாக வேண்டும். 270 லிட்டர் ஊத வேண்டுமல்லவா? நம்பாத அன்பர்கள் ஒரு பாலிதீன் பையின்மேல் பத்துப் புத்தகங்களை அடுக்கி, பையின் வாயை இறுகப் பிடித்து ஊதிப் பார்க்கலாம்.

பாளத்தில் துளையிட்டு, அடியில் குழம்பைச் செலுத்தித் தூக்கும் முறை இந்த விதியின் நேரான பயன்பாடே. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 1930-களிலேயே மண்ணும் சிமெண்டும் கலந்த குழம்பால் இவ்வேலையைச் செய்தார்கள். ஆயினும் பாடப் புத்தகத்தின் திரவம் வேறு, குழம்பு வேறு. குழம்பு கெட்டியானது, துளையருகே அழுத்தம் மிகுதியாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். பக்கத்துப் பாளங்களோடு உராய்வும் உண்டு. ஒரே துளையில் அவசரமாகச் செலுத்தினால் பாளம் நடுவில் வளையும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் பீமன்; இழுவிசையைத் தாங்குவதில் அதன் வலிமை பத்தில் ஒரு பங்கே. வளைந்தால் மேற்புறம் இழுபட்டு வெடித்துவிடும். ஆகவே பல துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் சில மில்லிமீட்டர் அளவே உயர்த்தி, சுற்றிச் சுற்றி வர வேண்டும். தேர்ந்த கைக்கும் தேராத கைக்கும் வேறுபாடு இங்கே தெரிந்துவிடும்.

இவ்வளவும் எளிதான பகுதி. கடினமான வினா, மண் ஏன் தாழ்ந்தது என்பது. இதற்கு விடை காணாமல் தூக்கப்பட்ட பாளம் மறுபடி தாழும்.

மிகச் சாதாரணமான காரணம், கொட்டிய மண்ணைச் சரியாகக் கெட்டிக்காதது. அரை அடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, அளவாக நீர் தெளித்துத் திமிசுக் கட்டையாலோ உருளையாலோ இடிக்க வேண்டிய மண்ணை, மூன்றடி உயரத்திற்கு ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் மழை நீர்தான் அந்த வேலையைப் பிறகு செய்து முடிக்கும். இவ்வகைத் தாழ்வு சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும். இரண்டாவது காரணம், ஒழுகும் குழாய், வெடித்த சாக்கடை, தகரக் கூரையிலிருந்து தளத்தின் விளிம்பிலேயே கொட்டும் மழை நீர் ஆகியவை. இவை மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வெற்றிடம் உண்டாக்கும். கடப்பாரையின் முனையால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடத்தின்மேல் ஓசை மாறுவதைக் காதே சொல்லும்.

மூன்றாவது காரணம்தான் இந்த வட்டாரத்துக்கே உரியது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் கரிசல் மண் உண்டு. பருத்தியை விளைவித்து இந்தத் தொழிலுக்கு வித்திட்ட மண் அது. கட்டடத்துக்கு மட்டும் பகை. அதிலுள்ள களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள் போன்றவை. தகடுகளின் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். இடையில் நீர் புகுந்தால் மண் உப்பும். வற்றினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் தாழ்ந்த தளம் கார்த்திகையில் தானே எழும்புவதும் உண்டு. அப்படிப்பட்ட தளத்தைக் கோடையில் தூக்கி மட்டம் செய்தால், மழைக்காலத்தில் அது மேடாகி நிற்கும்!

இந்தத் தகடுகளைச் சேர்த்து வைப்பதும் பிரித்து விடுவதும் மண்ணிலுள்ள உப்புகளே. கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னேற்றம். தகடுகளை அருகருகே இழுத்து வைக்கும். சோடியம் அயனிக்கு ஒன்றே. அதுவும் தன்னைச் சுற்றி நீர்மூலக்கூறுகளைத் திரட்டிக்கொண்டு தகடுகளை அகற்றியே நிறுத்தும். கலங்கிய நீரில் படிகாரம் தேய்த்தால் தெளிகிறதே, அதில் வேலை செய்வது மூன்று மின்னேற்றமுள்ள அலுமினிய அயனி. சோடியம் இதற்கு நேர் எதிர். தெளிந்ததைக் கலங்க வைப்பது.

சாயத் தொழிலுக்கும் சோடியத்திற்கும் உள்ள உறவை நீங்கள் அறிவீர்கள். பருத்தி இழை நீரில் எதிர்மின்னேற்றம் கொள்கிறது, சாயமும் அப்படியே. விலகி நிற்கும் இரண்டையும் ஒட்ட வைக்கச் சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ சேர்க்கிறார்கள். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் சாய நீருக்கு 60, 80 கிராம் கூடச் செல்லும். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை; கழிவு நீரோடு வந்துவிடும். பல ஆண்டுகள் அது நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாய நீரின் தேக்கமாயிற்று. வழக்குகள் நடந்தன, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவு நீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்து நீரையும் உப்பையும் மீட்கும் முறையின் கீழ்தான் ஆலைகள் திரும்ப இயங்கின. ஆனால் முன்னரே மண்ணில் இறங்கிவிட்ட சோடியம் நீதிமன்ற ஆணைக்குக் கட்டுப்பட்டு வெளியேறுமா?

இதில் ஒரு விந்தை உண்டு. உப்பு நீர் நிறைந்திருக்கும்வரை களிமண் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். சாயத்தைப் பருத்தியோடு சேர்த்த அதே செயல்தான். பிறகு நல்ல மழை பெய்து மிகுதி உப்பைக் கழுவிச் சென்றதும், தகடுகளில் தொற்றிய சோடியம் மட்டும் நிற்கும். அப்போது மண் பால்போல் கரைந்து ஓடத் தொடங்கும். உப்பு நீர் தேங்கியபோது உறுதியாயிருந்த தரை, நல்ல நீர் இறங்கியபோது கீழே போவதன் காரணம் இதுவே.

உங்கள் தளத்தின் அருகிலுள்ள மண் அப்படிப்பட்டதா என்று நீங்களே பார்க்கலாம். பட்டாணி அளவு மண்கட்டியைக் கண்ணாடித் தம்ளரிலுள்ள மழை நீரில் மெல்ல இட்டு, அசைக்காமல் விட்டுவிடுங்கள். கட்டி உதிர்ந்து குவிவது இயல்பு. அதைச் சுற்றிப் புகைபோல் ஒரு கலங்கல் எழுந்து பரவினால் அது கரையும் களிமண். ஆழ்துளைக் கிணற்று நீரில் இதைச் செய்யக் கூடாது. அந்நீரின் உப்பே உண்மையை மறைத்துவிடும்.

இனி, எதனைக் கொண்டு நிரப்புவது? ஊர் மண்ணும் சிமெண்டும் கலந்த குழம்பு மலிவு. பம்பு எளிதாகத் தள்ள வேண்டுமென்று தண்ணீரை மிகுதியாக ஊற்றினால், உலர்ந்தபின் சுருங்கி மறுபடி இடைவெளி விடும். கரிசல் மண்ணை இதற்கு அறவே பயன்படுத்தக் கூடாது. நான் முதலில் நிறுத்துவது அனல்மின் நிலையத்தின் உலர் சாம்பலையே. நூறு கிலோமீட்டர் அளவில் மேட்டூர் இருக்கிறது. சாம்பலைப் பயன்படுத்த வேண்டுமென மத்திய அரசு 1999-லேயே ஆணை பிறப்பித்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பல் துகள்கள் கண்ணாடிக் குண்டுகள் போல உருண்டையாகத் தெரியும். சக்கரத்தின் பால்ரஸ் குண்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதால், குறைந்த நீரிலேயே குழம்பு நன்றாக ஓடும். சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்து சாம்பல் தானும் சிமெண்டைப்போல் இறுகும். ஆனால் மெதுவாக, நாட்கணக்கில். குடிநீர்க் கிணறு அருகில் இருக்குமானால் மட்டும் தயங்க வேண்டும். சாம்பலில் கன உலோகங்கள் சிறிதளவு உண்டு.

சுண்ணாம்பு நம் பழைய நண்பன். கால்சியத்தைத் தந்து சோடியத்தை வெளியேற்றும் என்பதால் களிமண்ணுக்கு அதுவே மருந்து என்று பலர் சொல்வர். பொதுவாக உண்மை, சாயப் பட்டறைப் பக்கத்தில் ஆபத்தான உண்மை. மண்ணில் கிளாபர் உப்பின் சல்பேட் இருந்தால், அது சுண்ணாம்போடும் களிமண்ணின் அலுமினாவோடும் கூடி எட்ரிங்கைட் என்னும் படிகமாகும். அதன் ஒவ்வொரு வாய்பாட்டு அலகும் 32 நீர்மூலக்கூறுகளை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வது. மண் உப்பித் தளத்தையே வெடிக்கச் செய்யும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலைக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. சுண்ணாம்பிட்டுப் பலப்படுத்திய மண் சில ஆண்டுகளில் உப்பியதைப் பேராசிரியர் ஜேம்ஸ் மிட்செல் 1986-ல் எழுதிக் காட்டினார். எனவே சல்பேட் அளவை மண் ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். சல்பேட் உள்ள இடத்துக்குச் சுண்ணாம்புக் கூறு குறைந்த மேட்டூர் வகைச் சாம்பல் ஏற்றது. சுண்ணாம்புக் கூறு மிகுந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பல் அங்கே வேண்டாம்.

இப்போது நகரங்களில் விளம்பரம் பெறுவது பாலியூரித்தேன் நுரை. 1970-களில் பின்லாந்தில் தொழிலாக உருவெடுத்த முறை இது. இரண்டு திரவங்களைச் சிறு துளை வழியே செலுத்துகிறார்கள். சில நொடிகளில் நுரைத்துப் பெருகிப் பாளத்தைத் தூக்கிவிடும். அன்றே எந்திரத்தை ஓட்டலாம். கப்பல் தேதி நெருங்கிவிட்ட ஒருவருக்கு இந்த ஒரு நாளின் மதிப்பு தெரியும். எடையும் குறைவு. 270 லிட்டர் சாம்பல் குழம்பு நானூறு கிலோவுக்கு மேல் இருக்கும்; ஏற்கெனவே தளர்ந்த மண்ணின்மேல் அது இரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட்டைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். நுரையோ பதினைந்து கிலோ அளவில் நின்றுவிடும். ஆனால் அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, மக்காது, அதன் ஒரு திரவமான ஐசோசயனேட்டின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கு, எரிந்தால் நச்சுவாயு. நுரைக்க வைக்கும் வாயுக்களில் சில, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு வெப்பத்தைச் சிறைபிடிப்பவை. நீரால் நுரைக்கும் வகையைக் கேட்டு வாங்கலாம். ஆமணக்கு எண்ணெயிலிருந்தும் இதன் மற்றொரு திரவத்தை ஆக்க முடியும். ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் நம் நாட்டுக்கே. "பசுமை நுரை" என்று பலகை எழுதியிருந்தால், எந்த வாயு, எந்த எண்ணெய் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பச்சை நிறம் பலகைக்கு மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேறு மலையாகக் கிடக்கிறதே, அதைத் தளத்துக்கடியில் நிரப்பினால் இரண்டு வேலையும் முடியுமே என்ற யோசனை சிலருக்குத் தோன்றும். அந்தச் சேறு சட்டப்படி அபாயக் கழிவு. மழை நீரில் மறுபடி கரைந்து நிலத்தடிக்குப் போகும். எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே திரும்ப ஊற்றுவதற்கு இவ்வளவு செலவு செய்து சுத்திகரித்திருக்க வேண்டாம்.

மண்ணை அறியாமல் குழம்பைச் செலுத்தியதன் விளைவை உலகறிந்த ஒரு கட்டடமே காட்டியிருக்கிறது. இத்தாலியின் பைசா நகரச் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்த 1934-ல் அதன் அடித்தளத்தில் 361 துளைகள் இட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். கோபுரம் மேலும் சாய்ந்தது! 1990-ல் அதை மூடி, நெடுங்காலம் அளந்து ஆராய்ந்த குழு, தாழ்ந்த பக்கத்தைத் தூக்க முயலவே இல்லை. உயர்ந்திருந்த பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தது. கோபுரம் அரை பாகை அளவு நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் கொட்டகைக்குப் பைசாவின் செலவு வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாய் ஒன்றே போதும். அசையாத தூண் ஒன்றில் கோடு போட்டுக்கொண்டு, தளத்தின் நான்கு மூலைகளின் உயரத்தையும் மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டிவையுங்கள். வெடிப்பு நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தால் தாழ்வு நின்றுவிட்டதா, தொடர்கிறதா, ஏறி இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நின்றுவிட்டதென்றால் சாம்பல் குழம்பு. ஏறி இறங்கினால் தூக்குவதைத் தள்ளிப்போட்டு, ஈரம் மாறாமல் காப்பதே முதல் வேலை. தொடர்ந்து தாழ்ந்தால் எங்கோ நீர் ஒழுகுகிறது, குழாயைத் தேடுங்கள். சுவரோ தூணோ சேர்ந்து இறங்கினால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டடப் பொறியாளரிடம் செல்லுங்கள். வெளி முற்றத்தில் பதித்த சிமெண்ட் கற்கள் தாழ்ந்திருந்தால் பம்பே தேவையில்லை. கற்களைப் பெயர்த்து, அடியில் கிரஷர் தூளைப் பரப்பி இடித்து, அதே கற்களைத் திரும்ப அடுக்கிவிடலாம்.

தூக்கிய பிறகு துளைகளைச் சாந்தால் அடைத்து, பாளங்களின் இடைவெளியைத் தார்க்கலவையால் மூட வேண்டும். கூரை விளிம்பில் தகரத் தாழ்வாரம் பொருத்தி, மழை நீரைத் தளத்திலிருந்து ஆறடியாவது தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். இந்தத் தாழ்வாரத்தின் செலவு பாளத்தைத் தூக்கும் செலவில் ஒரு சிறு பங்குதான். ஐப்பசி அடைமழைக்கு முன்பே அதைப் பொருத்திவிட்டு, தை மாதத்தில் நீர்மட்டக் குழாயால் மறுபடி ஒருமுறை நான்கு மூலைகளையும் அளந்து பாருங்கள்.